மூடாத குடுக்கை

வாரிகா எதையும் மூடமாட்டான். உப்பு டப்பா, மண்ணெண்ணெய் கேன், கோழிக்கூடு, படகின் பெட்ரோல் தொட்டி, அவன் கை பட்டதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அவனோடு குடித்தனம் நடத்திய காலமெல்லாம் லோசானே அதிகம் சொன்ன சொல் "மூடி எங்க?" என்பதுதான். அவன் செத்த பிறகாவது அந்தச் சொல்லுக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை.

நுவகேலா தீவில் ஆள் செத்தால், அவனுடைய சுண்ணாம்புக் குடுக்கையின் மூடியைக் கழற்றிவிட்டு வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். செத்தவனுக்குப் பாக்கு மெல்லத் தோன்றினால் மூடியோடு மல்லுக்கட்டக் கூடாதாம். துக்கம் கழிக்கும் விருந்து வரைக்கும் அது அப்படியே தொங்கும். அதுவரை பெண்டாட்டி கறுப்பு உடுத்தி, தலை வாராமல், பாக்கைத் தொடாமல், பவளத்திட்டைத் தாண்டிப் படகேறாமல் இருக்க வேண்டும். விருந்தன்று கணவனின் அண்ணன் அவள் வாயில் பாக்கும் வெற்றிலைக் கொடியின் காயும் வைப்பான். சுண்ணாம்பு மட்டும் செத்தவனின் குடுக்கையிலிருந்து வர வேண்டும். மென்று சிவப்பாகத் துப்பினால், புருஷன் அவளை விட்டுவிட்டான் என்று அர்த்தம். தலை வாரலாம், படகேறலாம்.

லோசானே படகேறியே ஆக வேண்டும். கடல் தாண்டி இருக்கும் அலோட்டாவில், உயர்நிலைப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். பிழைப்பும் அதுதான், பிடிப்பும் அதுதான். ஒன்பதாம் வகுப்புக்குத் தனிமம், சேர்மம், கலவை என்று பாடம் வரும் நாளில் அவள் ஒரு தட்டில் பாக்கும் காயும் சுண்ணாம்பும் எடுத்துப் போவாள். "தட்டுல இருக்கிறவரைக்கும் இது கலவை. எது எதுன்னு பொறுக்கி எடுத்துடலாம். வாயில போட்டு மென்னதும் சிவக்குதே, அது கலவையில்ல. அது புதுப் பொருள். இனிமே யாராலயும் பிரிக்க முடியாது" என்பாள். பள்ளிக்குள் பாக்கு மெல்லத் தடை. டீச்சரின் பல்லோ செக்கச்செவேல். வகுப்பு சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும்.

வாரிகாவை அவள் பார்த்ததும் அந்தப் பள்ளியில்தான். விடுதிக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்த படகுக்காரன் அவன். மூட்டையின் வாயைக் கட்டாமல் மழையில் விட்டுவிட்டுப் பாக்கு மென்றுகொண்டு நின்றான். அவள் திட்டிய திட்டில் வேறொருவனாக இருந்தால் கரைப்பக்கமே வந்திருக்க மாட்டான். இவன் அடுத்த வாரமும் வந்தான், மூட்டையை அதே மாதிரி திறந்து போட்டுக்கொண்டு.

வாரிகா செத்ததும் படகில்தான், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துபோனான். கரைக்கு இழுத்து வந்தபோது பெட்ரோல் தொட்டி திறந்து கிடந்தது. தீவே தலையிலடித்துக்கொண்டு அழுதபோது லோசானே தண்ணீரில் இறங்கிப் போய் அதன் மூடியைத் தேடி எடுத்துத் திருகினாள். வாய்விட்டு அவள் அழவில்லை. வாரிகாவின் அக்கா எமெலே இதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கிணற்றடியிலும் தோட்டத்திலும் ஒரே பேச்சு: "என் தம்பி பொணமா கெடக்கான். இவ பெட்ரோலை மூடிக்கிட்டு நிக்கிறா."

வழக்கமாக இந்த விருந்து இரண்டொரு மாதத்தில் முடிந்துவிடும். வாரிகாவின் அண்ணன் மொரேனிக்கு மட்டும் எதுவும் கூடி வரவில்லை. பன்றி இன்னும் கொழுக்கவில்லை என்றான். கொழுத்த பன்றி செத்துப்போயிற்று. பிறகு மழை. பிறகு வள்ளிக்கிழங்கு விளையவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உத்தரத்தில் குடுக்கை கடல்காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அத்தான், அதுக்கு ஒரு இலையாவது கட்டி வைங்க. சுண்ணாம்பு கெட்டுப்போயிரும்" என்று லோசானே எத்தனையோ முறை சொன்னாள்.

"சுண்ணாம்பு என்ன மீனா, கெட்டுப்போறதுக்கு? அவன் வந்தா எப்படி எடுப்பான்?"

"உயிரோட இருக்கும்போதே அவருக்கு நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

"இந்த வாய்க்குத்தான் அவன் சீக்கிரம் போயிட்டான்" என்பாள் எமெலே.

கடைசியில் விருந்து கூடிற்று. பள்ளி திறக்கும் சமயம். அவள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியர் புதுப் படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். லோசானே துணிமணிகளை முன்னாலேயே கட்டி வைத்துவிட்டாள். பன்றி வெந்தது, கிழங்கு குவிந்தது, ஊர் வட்டமாக உட்கார்ந்தது. மொரேனி குடுக்கையை இறக்கி, குச்சியை உள்ளே விட்டு, வெள்ளைப் பொடியை அவள் நாக்கில் தடவினான். அவள் மென்றாள். சுண்ணாம்பின் சுரீரென்ற காரம் வரவில்லை. மணலைத் தின்பது போல இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது அவளுக்கு.

இலையில் துப்பினாள். பழுப்புத் தண்ணீர். ஆறிப்போன தேநீர் மாதிரி.

ஊர் கழுத்தை நீட்டி இலையைப் பார்த்தது. அப்புறம் எல்லோரும் பேசினார்கள்.

"வாரிகா விடமாட்டேங்கிறான்."

"எப்படி விடுவான்? ஒரு சொட்டு கண்ணீர் விட்டிருப்பாளா இவ?"

மொரேனி பெருமூச்சு விட்டான். "சரி. அடுத்த அறுவடைக்குப் பார்ப்போம்."

"அடுத்த அறுவடையா?" லோசானே எழுந்துவிட்டாள். துக்கக்காரி சபையில் எழக் கூடாது. "அத்தான், அவரு மேல பழி போடாதீங்க. இது சுண்ணாம்பே இல்ல. பவளப்பாறையைச் சுடுறோம், அதுல இருக்கிற வாயு வெளியே போகுது. தண்ணி தெளிச்சா சுண்ணாம்பு. திறந்து வெச்சா காத்துல இருக்கிற அதே வாயுவை அது திரும்ப உறிஞ்சிக்கும். வருஷம் பூரா உறிஞ்சிருக்கு. மறுபடி பாறையாயிடுச்சு."

"பாறையா? பொடியாத்தானே இருக்கு?"

"உப்பும் பொடி, சர்க்கரையும் பொடி. ரெண்டும் ஒண்ணா?"

"இவ என் சுண்ணாம்பைக் குறை சொல்றா!" எமெலேயின் குரல் உயர்ந்தது. தீவுக்கே சுண்ணாம்பு சுடுபவள் அவள்தான். கணவனோடு படுக்காதவள்தான் சூளையைத் தொடலாம் என்பது கட்டு. அவளோ என்றோ விதவை. "என் தம்பிக்கு நான் சுட்டுக் குடுத்தது அது. பாறையாம்ல!"

லோசானேவுக்குத் தலை சூடேறியது. கால்சியத்தைத் தனியாக அவள் கண்ணால் கண்டதில்லை. அது எப்போதும் யாரோடாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஒன்றை விரட்டினால் இன்னொன்று வந்து ஒட்டும், இந்தக் குடும்பத்து ஆட்களைப் போல. சரி, இவர்களுக்குக் கண்ணால் காட்டினால்தான் ஆகும் என்று, கறிக்கு வைத்திருந்த எலுமிச்சையில் ஒன்றை எடுத்தாள்.

"அத்தான், உங்க குடுக்கையைக் குடுங்க." மொரேனியின் சுண்ணாம்பில் சிட்டிகை எடுத்து இலையில் வைத்துச் சாறு பிழிந்தாள். சும்மா நனைந்தது. "பார்த்தீங்களா? நல்ல சுண்ணாம்பு பேசாம இருக்கும். இப்ப அவரோடதைப் பாருங்க." வாரிகாவின் பொடியில் பிழிந்தாள். புசுபுசுவென்று நுரை பொங்கியது. "இதோ! உள்ள புகுந்த வாயு வெளியே வருது!"

ஊர் ஓரடி பின்வாங்கியது.

"ஐயோ, பொங்குறான்!"

"கோவத்தைப் பார்றா! நுரை தள்ளுது!"

"எலுமிச்சையை ஏம்மா அவன் மூஞ்சியில பிழியுறே?"

லோசானே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இருபது வருஷமாகக் குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். அங்கேயும் எவனாவது ஒரு முட்டாள் பையன் இப்படித்தான் கத்துவான். ஆனால் அங்கே மணி அடித்தால் வகுப்பு முடிந்துவிடும்.

விரலிடுக்கில் எமெலேயின் கால்கள் தெரிந்தன. அவளிடம்தான் சொன்னாள், சபையிடம் அல்ல.

"அண்ணி, உங்க சுண்ணாம்புல ஒரு குறையும் இல்ல. திறந்து போட்டதுதான் குறை. அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப ஒரு டப்பாவை மூடியிருக்காரா? செத்தப்புறமும் திறந்தே வெக்கணும்னா யாரு தாங்குறது?"

எமெலே வாயைத் திறந்தாள், திட்டத்தான். பிறகு எங்கேயோ பார்த்தாள்.

"சின்ன வயசுல கோழிக்கூட்டைத் திறந்து போட்டுட்டான்" என்றாள். "உடும்பு வந்து ஒரு குஞ்சு விடாம தின்னுட்டுது. அம்மா விளக்குமாத்தால அடிச்சா. மறுநாளும் திறந்து போட்டான்."

"எங்க வீட்டு உப்பு மழைக்காலம் பூரா தண்ணியாத்தான் இருக்கும்."

"கடங்காரப் பய."

"ஆமா."

எமெலே குடுக்கையை மொரேனியின் கையிலிருந்து பிடுங்கினாள். "இது திரும்பப் பாறையாயிடுச்சுங்கிறே. பாறைன்னா சுடலாமில்ல? சுட்டா மறுபடி சுண்ணாம்பாகுமா?"

"ஆகும் அண்ணி. அதே சுண்ணாம்புதான்."

"செத்தவன் குடுக்கையைக் கொட்டுறதா? வழக்கம் என்னாகும்?" என்றான் மொரேனி.

"வழக்கப்படி ரெண்டு மாசத்துல விருந்து வெச்சிருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல. பன்னியை வளர்க்கத் தெரியல, பேச வந்துட்டான். நகரு!"

எமெலே பொடியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சிறு அடைகளாகத் தட்டி வெயிலில் காயவைத்தாள். அலையாத்திக் கட்டைகளை அடுக்கி, தேங்காய் மட்டையைத் திணித்து, நடுவில் அடைகளை வைத்துத் தீ மூட்டினாள். துக்கக்காரி சூளைக்கருகே வரக் கூடாது என்பதால் லோசானே தூரத்திலிருந்து, "இன்னும் கட்டை போடுங்க அண்ணி, சூடு பத்தாது" என்று கத்தினாள். "எனக்கு நீ சொல்லித்தராதே டீச்சரு!" என்று பதில் வந்தது. ஆனால் கட்டை விழுந்தது.

மறுநாள் காலையில் எமெலே சாம்பலைக் கிளறி அடைகளை எடுத்தாள். கையில் எடுத்தால் எடையே இல்லை. தண்ணீர் தெளித்ததும் சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது, அடைகள் வெடித்துப் பூவாக உதிர்ந்தன. ஊர் இதற்குப் பயப்படவில்லை. நல்ல சுண்ணாம்பு சீறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மொரேனி மறுபடி பாக்கும் காயும் வைத்து, குச்சியால் சுண்ணாம்பு தடவினான். இம்முறை நாக்கு சுரீரென்றது. கன்னத்தின் உள்பக்கம் சூடேறி, உமிழ்நீர் ஊறி வாய் நிறைந்தது. பார்க்காமலே தெரிந்தது அவளுக்கு, சிவந்துவிட்டது என்று.

"துப்பு" என்றான் மொரேனி.

அவள் துப்பவில்லை. வருஷம் முழுக்க இந்த நிமிஷத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"துப்பும்மா. படகு நிக்குது."

கட்டை விரலளவு சிவப்பு அவள் உதட்டோரம் வழிந்தது. கண்ணும் வழிந்தது. எமெலே அதையும் பார்த்தாள். அருகில் வந்து முதுகில் பலமாக ஒரு அடி வைத்தாள். லோசானே துப்பினாள். மணலில் செக்கச்செவேல் என்று விழுந்தது. ஊர் ஓவென்று கத்தியது, யாரோ அவள் தலையில் சீப்பைச் செருகினார்கள்.

செத்தவனின் குடுக்கை அவன் அக்காவுக்குத்தான் போகும், அதுதான் முறை. லோசானே கேட்கவும் இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது எமெலே பின்னாலேயே வந்தாள். இருமல் மருந்து வந்த பழைய பாட்டில் ஒன்று அவள் கையில் இருந்தது, பாதிக்கு மேல் குடுக்கைச் சுண்ணாம்பு வெள்ளையாக. அதை மூட்டைக்குள் திணித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி வெளியே எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள். இன்னும் ஒரு திருகு திருகினாள்.

"மூடியை இறுக்கி வெச்சுக்கோ" என்றாள். "சொல்லிட்டே இருக்கணுமா?"