அட்டையில் இருந்த பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி இருந்தது. தொழிலாளியின் குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் அங்கே மருந்து. எங்கள் அட்டையில் மூன்று பெயர்கள். மூன்றாவது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்துக் குடிசையில் பர்மாக்கா இருந்தாள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு அரசாங்கம் அகதிச் சீட்டு கொடுத்திருந்தது. இவளோ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே வந்தவள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தக் குழந்தைக்கு இப்போது என்னைப் போலவே எட்டு வயது. அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் கண் செருகத் தொடங்கியது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அம்மா சொன்னதற்கு, "எங்கேருந்து வந்தேன்னு விசாரிப்பாங்கக்கா. என்னைப் புடிச்சிட்டா இவள யாரு பாப்பா?" என்று அழுதாள்.

அம்மா யோசிக்கவே இல்லை. எங்கள் அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "யார்னா கேட்டா இவ பேரச் சொல்லு, இன்னா?" என்று என்னைக் காட்டி அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவாடையைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். என்னை வீட்டில் தனியே விட முடியாமல், வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி, கூடவே அழைத்துப் போனாள்.

கம்பவுண்டர் என் பெயரைக் கூப்பிட்டார். பர்மாக்காவின் மடியில் கிடந்தவள் அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் நான் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றேன். பள்ளிக்கூடப் பழக்கம் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டேன். பழக்கம் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வேலைக்கு உலை வெக்காதீங்கம்மா. இட்டுக்கினு போங்க."

"ஒரே ஒரு தபா பாருங்க சார்" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அட்டையைத் திருப்பி நீட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பர்மாக்காதான் தடுத்தாள். "பச்சப்புள்ளக்கா, அதுக்கு என்ன தெரியும்" என்றாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் மகள் போய்விட்டாள்.

அதன்பிறகு வெகுநாள் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய் பொண்ணு" என்றுதான் அழைத்தாள். என்மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை அம்மா ஒரு தரம் அவளுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.