அடைக்கலசாமி சூடாக வைத்திருந்த முட்டைகள்

அந்தமானுக்கு அரசாங்கச் செலவில் வந்து சேர்ந்தவர்களில் அதிக மரியாதையோடு வந்தவை நூற்றிருபது முட்டைகள். அவற்றுக்கு முந்தி வந்தவர்களுக்கு விலங்கு இருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு வாந்தி இருந்தது. முட்டைகளுக்கு மட்டும் அடைக்கலசாமி இருந்தார்.

வருஷம் 1961. மின்னி பே சரிவில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கோழி அபிவிருத்திப் பண்ணை என்று பலகை மாட்டியிருந்தார்கள். மதராசிலிருந்து உயர்ந்த சாதிக் கோழி முட்டைகளைக் கொண்டுவந்து, உள்ளூர்க் கோழிகளை அடைக்கு வைத்து, குடியேறிய வீடுகள்தோறும் குஞ்சுகளை வழங்கித் தீவையே உய்விப்பது திட்டம். முட்டைகளை அழைத்துவரும் பொறுப்பு அடைக்கலசாமிக்குக் கிடைத்தது.

பெரியதாழை என்ற கடற்கரை ஊர்க்காரர். கடலில் அண்ணனைப் பறிகொடுத்தபின் கடலே வேண்டாம் என்று முடிவெடுத்தார். கடலைவிட்டு விலகுவதற்காக ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டி, நாலு பக்கமும் கடல் உள்ள ஊருக்கு வந்தார். ஏழு வருஷமாகத் தற்காலிக மஸ்தூர், அதாவது கூலியாள். நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் இருந்தால்தான் மனைவி சகாயசெல்வி வருவாள். அவள் கடிதங்கள் எல்லாம் ஒரே வரியில் முடியும்: “ஆர்டர் கையில வாங்கினதும் எழுதுங்க, நான் கப்பல் ஏறுதேன்.”

பண்ணை அதிகாரி கிருஷ்ணமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். “குஞ்சு பொரியட்டும்யா. அன்னிக்கே உன் ஃபைல்ல கையெழுத்து.” கூடவே ஓர் ஆணையும் எழுதித் தந்தார்: முட்டைகளைப் பத்திரமாகவும் கதகதப்பாகவும் கொண்டுவரவும்.

அடைக்கு வைக்கிறவரை முட்டை குளுமையில்தான் கிடக்க வேண்டும். இது கோழி வளர்க்கும் எவருக்கும் தெரியும். அதிகாரிக்குக் கோழியோடு இருந்த பழக்கமெல்லாம் தட்டில்தான்.

அடைக்கலசாமி ஆணையை மீறுகிறவர் அல்லர். உமி பரப்பிய பத்துக் கூடைகளையும் கப்பலின் கீழ்த்தட்டில், பாய்லர் அறைச் சுவரோடு ஒட்டி வைத்தார். தொட்டால் கை சுடும் சுவர். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதே என்று மேலே கோணிச் சாக்கும் போர்த்தினார். அவருக்குப் போர்த்திக்கொள்ள வேறு சாக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கப்பல் ஆடியதில் ஒரு முட்டை உருண்டு விழுந்து உடைந்தது. ஒழுகவில்லை. அடைக்கலசாமி கும்பிட்டார், மாதா செய்த புதுமை என்று நினைத்துவிட்டார். பிறகு குனிந்து பார்த்தார். ஓட்டுக்குள் வெள்ளை வெளேரென்று வெந்து உட்கார்ந்திருந்தது.

கூடைகளை மேல்தட்டுக்குத் தூக்கி ஓடினார். காற்றில் வைத்தார், ஈரத்துணி சுற்றினார். அவர் கணக்கில் நியாயம் இருந்தது. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயில் பட்டால் இளகுகிறதே. சூட்டில் உறைந்தது குளிரில் இளகாதா? சாயங்காலம் இன்னொன்றை உடைத்தார். முன்னதைவிடக் கெட்டியாக இருந்தது. இரண்டையும் உப்புத் தொட்டுத் தின்றார். சாட்சியம் அழிந்தது; பசியும் கொஞ்சம்.

தேங்காய் எண்ணெய் வேறு, முட்டை வேறு என்பதை அவருக்குச் சொல்ல அந்தக் கப்பலில் ஆள் இல்லை. எண்ணெய் குளிரில் சும்மா அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது புரதம். பெட்டியில் பக்குவமாகச் சுருட்டி வைத்த தூண்டில் கயிறு மாதிரி, ஒவ்வொன்றும் தன் மடிப்போடு தனித்தனியே கிடக்கிறது. அந்த மடிப்பில்தான் அதன் வேலை இருக்கிறது. சூடு ஏறினால் மடிப்பு அவிழும். அவிழ்ந்த கயிறு பக்கத்துக் கயிற்றோடு சிக்கும். பிறகு பனிக்கட்டியிலேயே புதைத்தாலும் சிக்கல் பிரியாது. கயிறு ஒரு முழம் குறையவில்லை. அந்தக் கயிறுதான், மீன் பிடிக்க மட்டும் உதவாது. புத்தகக்காரர்கள் இதற்கு இயல்பிழத்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்ததால் ஒரு முட்டையும் திரும்பவில்லை.

பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டவள் நீலாவதி. கைதிகள் காலத்திலிருந்தே இங்கே இருக்கும் குடும்பம். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தரையில் சுழற்றினாள். பம்பரமாகச் சுற்றியது.

“அரே அண்ணே, பச்சை முட்டை இப்படிச் சுத்துமா? எல்லாம் கதம், போச்சு. யாரு வேக வெச்சது?”

“சத்தம் போடாத தாயி. கோழிச் சூடு வேற, பாய்லர் சூடு வேற. அடியில வெச்சுப் பாப்போம். உசுரு திரும்பிட்டா?”

“வெந்த இட்லியக் கரைச்சு மாவாக்குவியா நீ?”

“என் பொஞ்சாதி ஏழு வருசமாப் பெட்டி கட்டி வச்சிருக்கா, நீலாவதி.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பத்துக் கோழிகளையும் முட்டைகள்மேல் உட்கார வைத்தாள்.

கோழிகள் கடமை தவறவில்லை. தீனிக்கு எழுந்து, தண்ணீர் குடித்து, ஓடிப்போய் உட்கார்ந்தன. இருபத்தொன்றாம் நாள் அதிகாரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். குஞ்சு வரவில்லை, நாற்றம்தான் வந்தது. மூக்கைப் பொத்தியபடி அறிக்கை எழுதினார்: உள்ளூர்க் கோழிகளுக்கு அடைகாக்கும் திறன் போதாது, பத்தையும் விருந்தினர் விடுதிச் சமையலறைக்கு அனுப்பவும்.

நீலாவதி அழவில்லை. “நான் வாயத் திறக்கல அண்ணே. இதுங்களுக்கு வாயே இல்ல” என்றாள்.

அடைக்கலசாமியால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் மரைன் ஹில் ஏறி, அதிகாரி வீட்டு வாசலில் நின்றார்.

“ஐயா, கோழி மேல குத்தமில்ல. முட்டைய நான்தான் அவிச்சுப்போட்டேன். பாய்லர் பக்கத்துல வச்சேன்.”

“யார்யா உன்னைச் சூடா வைக்கச் சொன்னது?”

அடைக்கலசாமி சட்டைப்பையிலிருந்து ஆணையை எடுத்து நீட்டினார். கிருஷ்ணமூர்த்தி தம் கையெழுத்தை நிதானமாக இரண்டு முறை படித்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

“இல்லய்யா. யோசிச்சுப் பார்த்தா, தப்பு கோழி மேலதான்.”

“அப்ப என் ஃபைல், ஐயா?”

“ரிப்போர்ட் மேல போயாச்சு. திட்டமே குளோஸ். திட்டம் இல்லாம போஸ்ட் ஏது? நீ தற்காலிகமாவே இரு, நல்ல மனுஷன்.”

அன்று சகாயசெல்விக்கு அவர் எழுதினார்: “கோழிகளுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. நீ அங்கேயே இரு.” ஒரு வாரத்துக்கு முன்னால் தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் கேட்டுவைத்திருந்த பழைய கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்பது கோழிகளைச் சாக்கில் பிடித்துப் போட்டாயிற்று. பத்தாவது, கறுப்புக் கோழி, எழ மறுத்தது. கிட்டே போன கையையெல்லாம் கொத்தியது.

“நீயே எடு,” என்று நீலாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடைக்கலசாமி குத்தவைத்து, கொத்து வாங்கிக்கொண்டே, கோழிக்கு அடியில் கையை விட்டார். பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன. கதகதப்பாகவும் இருந்தன.