வெறும் வயிற்றோடு

எனக்கு ஊசி என்றால் பயம், கத்தி என்றால் பயம், ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறினாலே பயம். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நர்ஸம்மா மாதாமாதம் எங்கள் தெருவுக்கு வருவார். அவர் குரல் கேட்டதும் நான் பின்வாசல் வழியாகச் சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். கூடவே எங்கள் நாயும் ஓடிவந்து என் காலடியில் படுத்துக்கொள்ளும். கடைசியில் அந்த நாய்க்கு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று நான்தான் முடிவு சொல்ல வேண்டி வந்தது. நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டார்கள்!

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில், கடலோரத் தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கல்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களில் வெல்டர். மாமியார் மீன் கூடை சுமப்பவர். நாய் பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டை. இரண்டு முறை குட்டி போட்டிருந்தது. அதற்குப் பருவம் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து ஆண் நாய்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் கிடக்கும். அந்த வருஷம் அப்படி வந்ததில் ஒன்று வெறிநாய். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டு வந்தார் மனிதர். வந்த மறுநாளே நாலு பேரோடு எங்கள் வாசலில் நின்றார்.

"ஒங்க பொட்டையாலதான் ஊர் நாயெல்லாம் இங்க வந்துகினு கீது. அடுத்த வாட்டி அதுக்குப் பருவம் வர்றதுக்குள்ள எதனா பண்ணு. இல்லாட்டி கறியில மருந்து வச்சிடுவோம்."

சும்மா மிரட்டுகிற ஆட்கள் இல்லை அவர்கள். அடுத்த குப்பத்தில் ஏற்கெனவே மூன்று நாய்களை அப்படித்தான் முடித்திருந்தார்கள்.

கோவளத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் மாமியார். படகு வரும் இடம், மீன் பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளும் என்றார். வீட்டுக்காரர் வேறு ஒரு சேதி கேள்விப்பட்டு வந்தார். செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பொட்டை நாய்க்குக் கருப்பையை எடுத்துவிடுகிறாராம். "நீதான் சோறு போடற. நீயே சொல்லும்மே" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷனில் செத்துப்போனால் நான் கொன்ற மாதிரி. செய்யாமல் விட்டால் மருந்துக் கறி. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் நாயின் வயிற்றைக் கிழித்தால் திரும்பத் தைக்கத் தெரியுமா? கோவளத்தில் விட்டுவிடு என்று சொல்லவும் ஒருமுறை வாய் வரைக்கும் வந்தது. அன்று சாயந்திரம் நான் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வந்து அது என் மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தது. மறுநாள் காலையில், "செஞ்சிடலாம்யா" என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்காரரே நாயைக் கொல்லைப்பக்கத் தூணில் கட்டிவைத்தார். விடிந்ததும், கல்பாக்கத்துக்கு ஜல்லி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் நாங்கள் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த நாயின் பார்வை இருக்கிறதே, ஐயோ! காலையில் கண் விழித்ததிலிருந்து என்னையே பார்த்தது. மாமியார் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குப் போகிறபோது நின்று, "வெறும் வயித்தோட வாசப்படி தாண்ட வுடுவாங்களா? அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டு வழக்கம் அது. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன்கூட ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் பழைய சோற்றில் ராத்திரிக் குழம்பை ஊற்றி, ஒரு மீன் மண்டையையும் பிசைந்து வைத்தேன். ஒருவேளை திரும்பி வராவிட்டால் என்று நினைத்துத்தான் வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் தட்டு காலி. தட்டை உடனே கழுவிக் கவிழ்த்தேன். தப்பு என்று தெரியாதவள் அவ்வளவு அவசரமாகக் கழுவுவாளா?

லாரியில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு அது என் விரல்களை நக்கிக்கொண்டே வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியும் விடவில்லை. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமான பேச்சு. "தினம் பாக்கறது மாடும் ஆடும்தான். நாய்க்கு இது எனக்கு நாலாவது" என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு கேட்டார்: "நேத்து சாயங்காலத்துலேருந்து ஒண்ணும் கொடுக்கலையே?"

"இல்ல சார்" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க" என்றேன்.

உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார், அதற்குள் ஊரில் மருந்து வைத்துவிடுவார்கள் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. பயத்தில் பொய் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வராந்தாவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் வெளியே ஓடிவந்தார். கை முழுக்கச் சோறும் மஞ்சள் தண்ணீரும்.

"யாருய்யா இதுக்குச் சோறு போட்டது? மயக்கத்துல வாந்தி எடுக்குது! மூச்சுக் கொழாயில போச்சுன்னா அவ்ளோதான்!"

வீட்டுக்காரர் எழுந்து, "எங்கனா எச்சில பொறுக்கித் துன்னுருக்கும் சார்" என்றார். ராத்திரியெல்லாம் தூணில் கட்டிக்கிடந்த நாய் எங்கே போய்ப் பொறுக்கும்? அதைக்கூட யோசிக்கும் நிலையில் நான் இல்லை. எழுந்து போய், நான்தான் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தகரத் தட்டு விழும் சத்தம், டாக்டர் அவசரமாக ஏதோ சொல்லும் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் என்னைக் கொன்றது. அடிப்பாவி, உன் கையால் சோறு போட்டே கொன்றுவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். தலைகீழாகப் பிடித்துத் தொண்டையைச் சுத்தம் செய்து, மூச்சு சீரான பிறகு ஆபரேஷனையும் முடித்துவிட்டாராம். "ரெண்டு நாள் தாண்டட்டும்" என்றார்.

இரண்டு நாளும் அது தலையைத் தூக்கவில்லை. நான் அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் என் விரலை நக்கியது. ஓவென்று அழுதேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து நர்ஸம்மா மறுபடி வந்தார். நாய் பழக்கத்தில் சவுக்குத் தோப்புக்கு ஓடிப்போய், பின்னால் யாரையும் காணாமல் திரும்பி வந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த ஜீவனை ஒரு வார்த்தை கேட்காமல் கத்திக்குக் கொடுத்தவளுக்கு ஓடி ஒளிய என்ன யோக்கியதை? நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

குறித்த நாளன்று விடியற்காலை கடையிலிருந்து மாமியார் நாலு இட்லி வாங்கிவந்து என் கையில் திணித்தார். "ஒரு வாய் துன்னுட்டுப் போ. யாரு கேக்கப் போறாங்க?" நான் பின்வாசலுக்குப் போய் நாலையும் நாய்க்குப் போட்டேன்.

பின்னாலேயே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "அன்னிக்கு அந்த மீன் மண்டைய எனக்குப் போட்டிருக்கலாமில்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா ஒனக்கு?"

"வழி முழுக்க ஒன் வெரல நக்கிகினே வந்துச்சே. தெரியாம இன்னா?"

"அப்ப டாக்டராண்ட ஏன்யா சொல்லல?"

"பயந்துட்டேம்மே."

என் பையை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.