தார் வராத குழாய்

இலங்கை மலையகத்தில், நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அது. விறகை வாயுவாக்கி, அந்த வாயுவை எரித்துத்தான் கொழுந்தைக் காயவைப்பார்கள். வாயுவோடு தாரும் வந்து குழாயை அடைத்துக்கொண்டே இருந்தது. அதை ஒழிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். தேங்காய்ச் சிரட்டைக்கரியை நிக்கல் உப்பில் ஊறவைத்து, காற்றுப் படாமல் சுட்டு, குழாயின் நடுவே ஒரு பெட்டியில் நிரப்பினேன். சூடான தார் அந்தக் கரியில் பட்டால் உடைந்து வாயுவாகிவிடும். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தபின், தார் வடியும் வாளி ஒருவழியாகக் காய்ந்து கிடந்தது.

பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மறுநாள் காலை, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வெறும் பால்மா டின்களோடு தொழிற்சாலை வாசலில் நின்றார்கள்.

"நீங்கதானா தார நிப்பாட்டினது?" என்றார் முன்னால் நின்ற அக்கா.

"ஆமாங்க," என்றேன் பெருமையாக.

"அப்ப எங்க கூரை ஓட்டைய எத வச்சு அடைக்கிறது? மழை வருதுல்ல?"

அந்தத் தார்தான் லயத்துத் தகரங்களையெல்லாம் காப்பாற்றி வந்தது என்று என்னிடம் ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை. கூரையை மாற்றித் தருவார் என்று நம்பித் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனேன். அவர் நன்றாக யோசித்தார்.

"வெள்ளிக்கிழமையில மட்டும் ஒங்க கரிப்பெட்டிய கழட்டி வச்சிருங்க."

வயிறு எரிய எரியக் கழட்டினேன். தார் கறுகறுவென்று வடிந்தது, வரிசை நகர்ந்தது. கடைசி ஆளாக நானும் ஒரு டின்னை நீட்டினேன். தோட்டம் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில், கட்டிலுக்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது.