பூஜையன்று காலியாக இருந்த நாலாம் ஷெட்

பூங்கோதை. பெண். வயது ஐம்பத்து மூன்று. பதவி: தொலைபேசி இயக்குநர், மூன்றாம் நிலை. குரல்: இனிமையானது. கணினி அறிவு: இல்லை. பணியின் தன்மை: உட்கார்ந்து செய்வது.

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டிப் படகும் சரக்குப் பார்ஜும் பழுது பார்க்கும் ஒரு தனியார் பட்டறையின் ஊழியர் கோப்பு இப்படிச் சொல்கிறது. இதில் பெண் என்பதும் வயதும் சரி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இயக்க ஒன்றுமில்லாத இயக்குநரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் அவளை அந்த அறையிலேயே விட்டுவிட்டார்கள். குரல் விஷயம் என்னவென்றால், தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம் அதைவிடக் கொஞ்சம் மென்மை. உட்காருவதைப் பற்றி அவள் நாற்காலியைத்தான் கேட்க வேண்டும். அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவே இல்லை.

கணினி அறிவு வந்த கதை சுருக்கமானது. பட்டறைக்குக் கணிப்பொறிகள் வந்தபோது அவற்றின் கேபிள்களைப் பழைய தொலைபேசிக் குழாய்களுக்குள்தான் இழுத்தார்கள். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போய் எங்கே தலை காட்டும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதலில் வழி காட்டினாள், பிறகு இழுத்தாள், பிறகு எந்த இயந்திரத்துக்கு என்ன எண் என்று தானே கொடுக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்தாள். காட்பாடியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த அப்பா வீட்டில் கற்றுக்கொடுத்த தமிழ். வேறு யாரும் வந்து அதைத் ‘திருத்த’ முடியாது என்பது அதன் கூடுதல் வசதி.

அந்த வசதிதான் பிறகு வினையானது.

அலிப்பூர் தலைமை அலுவலகம் கணக்கு, வரைபடம், கிடங்கு மூன்றின் சர்வர்களையும் கிளவுடுக்கு மாற்ற முடிவு செய்தது. கிளவுட் என்றால் மேகத்தில் ஒன்றுமில்லை. எங்கோ ஓர் ஊரில், வேறொருவர் கட்டடத்தில், உடம்பில்லாமல் ஓடும் கணிப்பொறிகள். அவை பட்டறையின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே, பக்கத்து அறையில் இருப்பது போல இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதற்காக அவள் அறையிலிருந்து ஒரே ஒரு மஞ்சள் கேபிள் வெளியே போயிற்று.

வேலையை நடத்த வந்தவன் ஹரிஷங்கர். முப்பத்து நாலு வயது, மூன்று தலைமுறையாகப் பவானிபூரில் இருக்கும் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவான், கோபம் வந்தால் வங்காளம் பேசுவான், தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. புதிய இயந்திரங்களுக்குக் கொடுக்கக் காலி முகவரிகள் வேண்டும் என்றான். பூங்கோதை நீள நோட்டை எடுத்து முன்னால் வைத்தாள். படிக்கிறவன் முகத்தோடு மூன்று பக்கம் புரட்டினான். பிறகு மூடினான்.

“இதெல்லாம் எதுக்கு கோதா-தி? டூல் பார்த்துக்கும்.” ‘தி’ என்றால் வங்காளத்தில் அக்கா.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவளே படித்துக் காட்டியிருப்பாள். அவனுக்கு வெட்கம், அவளுக்கு அது புரியவில்லை.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கதவு எண் மாதிரி ஒரு முகவரி. ஒரே எண்ணை இரண்டு வீட்டுக்குக் கொடுத்தால், கூப்பிட்டதும் முதலில் குரல் கொடுக்கிற வீட்டில் தபாலைப் போட்டுவிட்டு நெட்வொர்க் போய்விடும். சந்தேகமே படாது. ஹரிஷங்கரின் டூல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராத எண் காலி. வேலை நாளில் கூப்பிட்டால் கிரேன் ஏதாவது தடுமாறும் என்று பட்டறை மேலாளர் மறுத்துவிட்டார். உற்பத்தி பாதிக்காத நாள் ஒன்றைத் தலைமை அலுவலகம் தேடிக் கண்டுபிடித்தது. செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை.

அன்று எந்தப் பட்டறையிலும் எவரும் ஸ்பேனரைக்கூடத் தொடுவதில்லை. எல்லா இயந்திரத்தையும் அணைத்து, துடைத்து, குங்குமமும் சாமந்தியும் வைத்திருந்தார்கள். வானம் முழுக்கக் காற்றாடி. டூல் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்து, பூஜைப் பிரசாதமான கிச்சுரி பரிமாறும் நேரத்துக்கு முடித்தது.

“நாலாம் ஷெட்ல நாப்பத்தோரு நம்பர்,” என்றான் ஹரிஷங்கர், தொன்னையும் கையுமாக. “மூணுதான் பதில் சொல்லித்து. பாக்கி முப்பத்தெட்டும் காலி. நமக்கு அதிர்ஷ்டம்தான்.”

“காலி இல்ல சார். லீவு.”

“டூலுக்கு லீவெல்லாம் தெரியாது கோதா-தி.”

“உங்களுக்குத் தெரியுமே. கையில கிச்சுரி வச்சிருக்கீங்களே.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, பட்டியல் ஏற்கெனவே அலிப்பூருக்குப் போய்விட்டது, அங்கே இன்னொரு குழு சரிபார்க்கும் என்றான். அந்தக் குழு எதை வைத்துச் சரிபார்க்கும் என்று கேட்டாள். அதே பட்டியலை வைத்துத்தான்.

அன்றே நாலு வரியில் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். அந்தக் கம்பெனியில் கேள்விப்படாத வேகத்தில் மாலைக்குள் பதில் வந்தது. நெட்வொர்க் பற்றிய பரிந்துரைகள் தொலைபேசி இயக்குநரின் பணி வரம்பில் வரா என்றும், பணியாளர்கள் எந்த இணைப்பையும் எழுத்து அனுமதியின்றித் தொடக்கூடாது என்றும்.

பதினெட்டாம் தேதி விசர்ஜனம். சிலை ஆற்றில் இறங்கியது, இயந்திரங்கள் இன்னும் ஓய்வில். அன்று மாலை கிளவுட் இயந்திரங்கள் நாலாம் ஷெட்டின் எண்களில் குடியேறின. எதுவும் தகராறு செய்யவில்லை. வாழ்த்து மின்னஞ்சல்கள் பறந்தன. எல்லாம் இத்தனை ஒழுங்காக நடந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி முதல் ஷிப்டில் நாலாம் ஷெட் கண் விழித்தது. முதலில் தகடு வெட்டும் இயந்திரம் யாருடைய வரைபடத்தையோ கேட்டு வாங்கி, பிறகு வேண்டாம் என்றது. அச்சு இயந்திரம் வெள்ளைத் தாளாகத் துப்பியது. பூங்கோதை நோட்டைத் திறந்து விரலால் கீழே இறங்கினாள். இருபத்தாறாம் வரியில் விரல் நின்றது. ‘வாயுப் பெட்டி.’

ஆற்றிலிருந்து சறுக்குத் தளத்தில் ஏற்றி வைத்திருந்த ஒரு பார்ஜின் எண்ணெய்த் தொட்டிக்குள் அன்று ஆறு பேர் சுரண்டும் வேலை. தொட்டி வாயில் தொங்கும் கருவி உள்ளே எரிவாயு எவ்வளவு என்று நாலாம் ஷெட்டில் உள்ள பெட்டிக்குச் சொல்லும், பெட்டி பாதுகாப்பு அறைத் திரைக்குச் சொல்லும். பத்தைத் தாண்டினால் அங்கிருந்துதான் சங்கு ஊதும்.

பாதுகாப்பு அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். குமாஸ்தா மது டீ குடித்துக்கொண்டிருந்தான். திரை பச்சை. எண் இரண்டு. அருமையான எண், கவலைப்பட ஒன்றுமில்லை என்றான். எத்தனை நேரமாக இரண்டு என்று கேட்டாள். வந்ததிலிருந்து, என்று பெருமையாகச் சொன்னான்.

திறந்த தொட்டியில் அந்த எண் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒன்றாகும், மூன்றாகும், காற்றடித்தால் பூஜ்யமாகும். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு. மதுவின் கையிலிருந்த டீ ஆறியது. இரண்டு.

திரை, ‘இருக்கிறாயா?’ என்று பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘இருக்கிறேன்’ என்று எங்கோ ஓர் ஊரிலிருந்து கிடங்குக் கணக்கு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பூஜைக்கு முன் பெட்டி கடைசியாக அனுப்பிய எண் அப்படியே திரையில் தங்கிவிட்டது.

மதுவைச் சறுக்குத் தளத்துக்கு ஓடச் சொன்னாள், அரைக் கிலோமீட்டர். அங்கிருந்த மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். சங்கு ஊதாமல் ஆளை வெளியே எடுத்தால் தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். திரை என்ன சொல்கிறது என்று கேட்டார். இரண்டு என்றாள். இரண்டுதானே, என்று வைத்துவிட்டார்.

ஹரிஷங்கர் அலிப்பூரில், கம்பெனி இயக்குநர்கள் முன்னால், புதிய ஏற்பாட்டை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் போனை எடுத்தான்.

“கம்ப்ளெயிண்ட் டிக்கெட் போடுங்கோ. பத்து நிமிஷத்துல ஆள் பார்ப்பா. இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.”

“இங்கயும் பச்சைதான் சார். அதான் போன் பண்றேன். வாயுப் பெட்டி நம்பர்ல உங்க மெஷின் உக்காந்திருக்கு. உள்ள ஆறு பேரு இருக்காங்க.”

பின்னணியில் யாரோ ஆங்கிலத்தில் பாராட்டினார்கள்.

“லிங்கைத் தொடாதீங்கோ,” என்றான், குரலைத் தாழ்த்தி. “மூணு கையெழுத்து வேணும். நீங்க தொட்டா உங்க வேலை போயிடும், எனக்கும்… கோதா-தி, அந்த நம்பர் நெஜமாவே அசையலியா?”

அவள் அதற்குள் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்தது பற்றி கம்பெனியின் விசாரணை அறிக்கை பதினோரு பக்கம். தலைமை அலுவலகம் நாலு மணி நேரம் முடங்கியது, சுங்கக் காகிதங்கள் தாமதமாயின, ஒரு பெண் ஊழியர் வரம்பு மீறினார். ஹரிஷங்கரின் பெயர் அதில் இல்லை. நாலாம் ஷெட்டின் முப்பத்தெட்டு எண்களும் அறிக்கையின் பின்னிணைப்பில் இன்னும் ‘காலி’ என்றே இருக்கின்றன. அடுத்த கட்டத்தில் இன்னும் இருபது சர்வர் வருமாம், இடம் பார்த்தாகிவிட்டதாம்.

காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு, ஒரு கையெழுத்தும் இல்லாமல், பூங்கோதை மஞ்சள் கேபிளைப் பிடுங்கினாள். ஒரு நிமிஷத்தில் நிஜப் பெட்டியே திரைக்குப் பதில் சொன்னது, எண் பதினாலுக்குத் தாவியது, சங்கு ஊதியது, ஆறு பேரும் தொட்டியிலிருந்து ஏறி வந்தார்கள்.