குடையை வாங்கி வைத்தவர்

நவாப் காலத்து மாளிகை அது. வாசலில் நின்ற காவலாளி என் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தொளதொளத்த காக்கிச் சட்டை, நெற்றியில் அழியாத திருநீறு. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் மூன்று குடைகளோடு உள்ளே போயிருந்தது. தனியாக வந்த கல்லூரிப் பெண்ணைக்கூட அவர் தடுக்கவில்லை.

"எனக்கு மட்டும் என்ன சட்டமோ" என்று முணுமுணுத்தேன்.

"திரும்பி வர்றப்ப வாங்கிக்குங்கம்மா" என்றார், தெலுங்கும் உருதும் பேசும் அந்த ஊரில் தமிழிலேயே.

சனத்நகரிலிருந்து அன்று எதற்காகக் கிளம்பினேன் என்று எனக்கே தெளிவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாளிகையின் கூடங்களைச் சரியாகப் பார்க்காமலே கடந்து, தோட்டத்துக் கோடியில் இருந்த படிக்கிணற்றருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடை ஞாபகம் வந்து வாசலுக்கு ஓடினேன்.

அவர் அதை விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஏன் வாங்கி வச்சீங்க?"

"போன வருஷம் ஒரு அம்மா கிணத்துப் பக்கம் தனியா போனாங்க, திரும்பி வரல. அதுலேர்ந்து சில பேரைப் பார்த்தா ஏதாச்சும் வாங்கி வச்சுக்குவேன். அதை வாங்கவாவது வருவாங்கல்ல."

"நான் சும்மா சுத்திப் பார்க்கத்தான் வந்தேங்க."

"ஹவ்மா" என்றார், அந்த ஊர் உருதுவில் ஆமாம்மா என்று, என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் ஏறிய பிறகும் அவர்மேல் கோபம் ஆறவில்லை. அத்தனை பேர் வந்த வாசலில் என்னிடம் மட்டும் அப்படி என்ன கண்டார்? நான் அவரிடம் சொன்னது பொய்யா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.