காற்றுத் துளை

மதியம் மூன்று பத்து. பட்டப்பகல். பேய் என்றால் இருட்டு வேண்டும் என்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. கதை கட்டும் வழக்கம் அவருக்கு இல்லை.

அண்ணி பழைய இரும்பில் சிற்பம் செய்பவர். இன்னதென்று சொல்லும் உருவம் எதிலும் இருக்காது. இந்த முறை, உடைத்த கப்பல் ஒன்றின் வளைந்த தகடுகள் நான்கு. அவற்றைக் கூடுபோல் மூடி, மேலே பல்சக்கரங்கள், சைக்கிள் சங்கிலி, ஒரு தையல் மிஷினின் மிதி.

பட்டறைக்கு அடுத்த அறையில் அண்ணன் படுத்திருந்தார். ஒரு வருடமாக ஆஸ்துமா. இடையில் கதவு இல்லை, ஒரு திரை மட்டும்.

"இதுக்கு முகம் எது, முதுகு எதுன்னு சொல்லிடு. வணக்கம் வைக்கணும்ல."

"வாய மூடிட்டுப் படுங்க."

கடைசி இணைப்பையும் பற்றவைத்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது. காற்றுத் துளை விடவில்லை. மூடிய கூட்டுக்கு ஒரு துளை கட்டாயம். இல்லையென்றால் அடுத்து சூடு படும்போது உள்காற்று விரிந்து வெடிக்கும். இருபது வருடத்தில் அவர் அதை மறந்ததே இல்லை.

இரும்பு ஆறியதும் டிரில்லால் துளையிட்டார். விரல் நுனி அளவு.

உஸ்ஸ்ஸ்...

காற்று உள்ளே போனது. ஆறிய கூடு அப்படித்தான் இழுக்கும். அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

நிற்கவில்லை.

மூன்று பதினெட்டு. இன்னும் இழுத்தது. திரை பட்டறைப் பக்கமாகச் சாய்ந்தது. பட்டறை ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. காற்று அங்கிருந்து வரவில்லை.

அண்ணனின் அறையிலிருந்து வந்தது.

"என்னங்க?"

"மூச்சு... காத்தே இல்ல..."

அண்ணி கட்டைவிரலால் துளையை அடைத்தார். திரை நேரானது. அண்ணன் நீளமாக மூச்சுவிட்டது கேட்டது.

அப்போது...

டொக்.

கூட்டின் உள்ளே. விரலுக்கு நேர் பின்னால்.

டொக். டொக்.

விரலை எடுத்தார். தட்டல் நின்றது. திரை சாய்ந்தது. அண்ணனின் தொண்டை கீச்சிட்டது.

அடைத்தார்.

டொக். டொக். டொக்.

போன் ஜன்னலில். எட்டடி தூரம். கையை எடுத்தால் போகலாம்.

கையை எடுக்க முடியாது.

மறு கைக்கு எட்டியது, கம்பி மாட்டிய வெல்டிங் ஹோல்டர் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டார். துளையைப் பற்றவைத்து அடைத்தார்.

தட்டல் வேகமாயிற்று.

மெதுவாயிற்று.

மூன்று நாற்பத்தொன்று. நின்றது.

அண்ணன் தூங்கியிருந்தார்.

மறுநாள் காலை அண்ணி பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தார்.

"அந்தத் தகடு கப்பல்ல எந்த இடம்?"

"அடியில இருக்குற தண்ணித் தொட்டி, அக்கா. துரு சுரண்ட ஒருத்தர் உள்ள இறங்கியிருக்கார். தெரியாம மூடியப் போட்டு முடுக்கிட்டாங்க."

"தட்டலையா?"

"தட்டினார்க்கா. மேல வேலை நடக்குற சத்தம்னு விட்டுட்டாங்க. துரு இரும்பு காத்தக் குடிச்சிடும். ரொம்ப நேரம் தாங்காது."

அண்ணி போனை வைத்துவிட்டுத் திரையை விலக்கினார். அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூச்சில் இரைப்பே இல்லை. ஒரு வருடமாக அப்படி இருந்ததில்லை.

அண்ணியின் கட்டைவிரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அவ்வளவு நேரம் தட்டினேனே," என்றார். "ஏன் தொறக்கல?"